மனோரஞ்சிதம் டீச்சரின் நீலம்

பெரியநாயகியின் அலறலுக்கு அந்தத் தாமான் குடியிருப்பே பழகிப்போயிருந்தது. பிப்ரவரி மாதம் அவள் மகன் திலீபன் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது மணல் லோரி மோதி இறந்தான். இருபத்து நான்கு வயது. செய்தி வந்த நேரத்தில் அவள் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு கொடியில் ஆண்பிள்ளைச் சட்டை தொங்குவதைக் கண்டால் அலறினாள். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் தன் வீட்டுக் கொடியை அவிழ்த்து உள்பக்கமாகக் கட்டிக்கொண்டாள்.

டுரியான் துங்கால் அணைக்கட்டுச் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வருகிற இரண்டு வரிசை வீடுகளில் கடைசி வீடு அவர்களுடையது. அவள் புருசன் தனபாலன் இன்னும் தோட்ட வேலையை விடாதவர். ஐம்பத்தெட்டு வயதிலும் நீளக் கம்பின் நுனியில் கட்டிய அரிவாளை அண்ணாந்து தூக்கி, எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலைகளை அறுத்துத் தள்ளுவார். குலை விழுந்தால் காலடி மண் அதிரும். கூட வெட்டுகிறவர்கள் எல்லாரும் வங்காளதேசத்துக்காரர்கள். மதியம் இரண்டு மணிக்கு, முள் குத்திய கைகளோடும் எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடும் வீடு திரும்புவார். மகனின் காரியம் முடிந்த மறுநாளே வேலைக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து மனைவியைப் பிடித்துக்கொள்வது அவருக்கு இரண்டாவது ஷிப்டு.

கிளினிக்கில் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். அது அவளைத் தூங்க வைத்தது. ஆனால் ஒவ்வொரு தடவை விழிக்கும்போதும் மகன் செத்ததை அவள் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நான்காம் நாள் தனபாலனே மாத்திரையை எடுத்து ஒளித்துவிட்டார்.

பெரியநாயகி வாரத்தில் நான்கு நாள் பல்கலைக்கழக வளாகத்துச் சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை செய்தாள். திங்களும் வியாழனும் பாயா ரும்புட்டில் மனோரஞ்சிதம் டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சமைத்து, கூட்டித் துடைத்துவிட்டு வருவாள். டீச்சர் யாழ்ப்பாணத்து வழி வந்தவர். எழுபத்தோரு வயது. மகள் ஜனகா கோலாலம்பூரில் வங்கியில் பெரிய வேலையில் இருந்தாள். டீச்சர் தனியாகத்தான் இருந்தார். முப்பது வருடப் பள்ளிக்கூட வேலையில் ஒரு நாளும் குரல் உயர்த்தாதவர் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்வார்கள். கோபமும் இல்லை, சிரிப்பும் பெரிதாக இல்லை. அவர் வீட்டில் கடிகாரச் சத்தம்தான் கேட்கும்.

மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை. பெரியநாயகி புட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக் கொடியில் நீலக்கோடு போட்ட சட்டை ஒன்று காற்றில் கை வீசியது. அவள் அலறிய அலறலில் டீச்சர் கையிலிருந்த பத்திரிகை விழுந்தது. துருவியில் பட்டுப் பெரியநாயகியின் உள்ளங்கை கிழிந்து, தேங்காய்ப் பூவெல்லாம் சிவப்பாகிவிட்டது.

டீச்சர் பதறவில்லை. காயத்தைக் கழுவித் துணி கட்டினார். பிறகு கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றினார். கழற்றுவது சுலபமாக இல்லை. அத்தனை வருடம் கிடந்ததில் விரலில் வெள்ளையாகப் பள்ளம் விழுந்திருந்தது.

வெள்ளியில் கட்டிய நீலக்கல். கடலைப் பருப்பளவுதான் இருக்கும். கடைகளில் பார்க்கிற கறுத்த நீலம் இல்லை. மழை விட்டதும் மேகம் விலகின இடத்தில் தெரியுமே, அந்த நீலம். கல்லின் அடிப்பாகம் விரலில் படும்படி அடியில் திறந்து கட்டியிருந்தார்கள்.

“இது இரத்தினபுரிக் கல், நாயகி. என்ரை அம்மம்மா கொண்டுவந்தது. மனத்தைக் குளிர்த்தும். கொஞ்ச நாளைக்குப் போட்டுப் பாரும்,” என்றார் டீச்சர்.

பெரியநாயகி பயந்தாள். நீலம் சனீஸ்வரனுடைய கல். ஒத்துக்கொண்டால் தூக்கிவிடும், இல்லையென்றால் குடும்பத்தையே கவிழ்த்துவிடும் என்று எல்லாரையும் போல அவளும் கேள்விப்பட்டிருந்தாள். தனபாலனும் அதையேதான் சொன்னார். அவர் சின்ன வயதில் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற மண்டோர் ஒருவர் நீலம் வாங்கிப் போட்டு, ஒரே மாதத்தில் மரம் விழுந்து கால் போய்ப் படுத்தாராம். கோயில் குருக்களைக் கேட்டார்கள். மூன்று ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துப் படுக்கச் சொன்னார் அவர். கெட்ட கனவு வந்தால் நாலாம் நாளே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வராவிட்டால் சனிக்கிழமை எள் விளக்குப் போட்டு அணிந்துகொள்ளலாம்.

மகன் செத்த நாளிலிருந்து பெரியநாயகிக்குத் தினமும் ஒரே கனவு. திலீபன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசலில் நின்று, சோறு இருக்கா என்று கேட்பான். அவள் எழுந்திருக்கப் பார்ப்பாள், கால் வராது. கல்லை வைத்துப் படுத்த மூன்று ராத்திரியும் அவன் வரவில்லை. கெட்டது, நல்லது எதுவுமே வரவில்லை. நான்காம் நாள் காலை பசியாறும்போது, நல்லாத் தூங்கினேன் என்று அவள் சொன்னதைக் கேட்டுத் தனபாலனுக்குக் கண் கலங்கியது. சனிக்கிழமை கோயிலில் விளக்குப் போட்டுவிட்டு, அவரே அவள் விரலில் மோதிரத்தைப் போட்டுவிட்டார்.

அலறல் நின்றது. ஒரு வாரம் கழித்து அவளே கொல்லையில் கொடி கட்டித் துணி காயப்போட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்ணும் தன் கொடியை வெளியே கொண்டுவந்து கட்டினாள். சாப்பாட்டுக் கடையில் எல்லாரும் சந்தோசப்பட்டார்கள். தனபாலன் பல மாதத்துக்குப் பிறகு மத்தியானத்தில் கொஞ்சம் கண்ணசந்தார். அந்த வீட்டுக்கு நல்ல காலம் திரும்பிவிட்டதென்றுதான் ஜூன் மாதம் முழுக்க நினைத்தார்கள்.

அவள் விரல் மட்டும் எப்போதும் சில்லென்று இருந்தது. அடுப்பருகில் நின்று வந்தாலும் அந்தக் கை குளிர்ந்திருக்கும். தனபாலன் அதைக் கல்லின் குணம் என்று எடுத்துக்கொண்டார். பிறகு அவள் வியர்ப்பதும் இல்லை என்பதைக் கவனித்தார். ஜூலை வெயிலில் சந்தைக்குப் போய் இரண்டு பை தூக்கி வந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் நெற்றி, பூசிய திருநீறு கலையாமல் காய்ந்து கிடந்தது.

ஒரு நாள் சாப்பாட்டுக் கடையிலிருந்து கூட வேலை செய்கிற கோமளா போன் செய்தாள். வாழைப்பழ உருண்டை பொரிக்கும்போது எண்ணெய் தெறித்துப் பெரியநாயகியின் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கொப்பளித்துவிட்டதாம். அவள் கையை எடுக்கவே இல்லையாம். கோமளா பார்த்துக் கத்தினபோது, ஆமா பட்டுச்சு என்று சொல்லிவிட்டு மிச்ச உருண்டையையும் பொரித்து எடுத்திருக்கிறாள். “அண்ணே, எனக்கு என்னமோ பயமா இருக்கு. அக்கா கண்ணுல தண்ணிகூட வரலண்ணே,” என்றாள் கோமளா.

ஆகஸ்டு பத்தாம் தேதி திலீபனின் பிறந்த நாள். காலையிலிருந்தே தனபாலனுக்கு அதே நினைப்பு. அவள் எப்படித் தாங்கப்போகிறாள் என்ற பயத்தில் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார். அவள் தூசு தட்டுகிற துணியால் மின்விசிறியைத் துடைத்தாள். அடுத்து டி.வி.யை. அடுத்து மகனின் படத்தை. அதே துணி, அதே வேகம். படத்திலிருந்து காய்ந்த மாலையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். மத்தியானம் சாப்பிடும்போது அவர் தாங்க முடியாமல் வாய்விட்டார்.

“இன்னிக்குத் திலீபன் பொறந்த நாளு, நாயகி.”

“ஆமா,” என்றாள் அவள். “கொழம்புல உப்புப் போதுமா?”

உப்பு சரியாகத்தான் இருந்தது. இப்போதெல்லாம் அவள் சமையலில் எந்த நாளும் எதுவும் கூடுவதில்லை, குறைவதில்லை.

செப்டம்பரில் மகள் தாரணி பிரசவத்துக்கு வந்தாள். அவள் புருசனுக்கு ஜொகூரில் வேலை. சனி ஞாயிறு வந்து போவான். பெண் குழந்தை, சுகப் பிரசவம். பெரியநாயகி டீச்சர் வீட்டு வேலையையும் கடை வேலையையும் நிறுத்திவிட்டு மகளைப் பார்த்துக்கொண்டாள். பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, மஞ்சள் வெந்நீர் எல்லாம் நேரம் தவறாமல் நடந்தன. தாரணிக்கு ஒன்றுதான் உறுத்தியது. அம்மா குழந்தையைக் குளிப்பாட்டினாள், துடைத்தாள், துணியில் சுற்றிக் கிடத்தினாள். ஒரு நாளும் கொஞ்சவில்லை. முகத்துக்கு நேராகக் குழந்தையைத் தூக்கி ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் போன துக்கம் உள்ளே இருக்கும் என்று தாரணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பிள்ளை பிறந்த இருபத்தாறாம் நாள் அது நடந்தது. மதியம் மழை தகரக் கூரையைப் போட்டு அடித்தது. தாரணி குளியலறையில் இருந்தாள். மழைச் சத்தத்துக்கு நடுவே குழந்தை அழுவது கேட்டது. அம்மா இருக்கிறாளே என்று நின்றாள். அழுகை வீறிடலாக மாறியது. தலையில் ஊற்றிய தண்ணீரோடு துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள்.

குழந்தை கட்டிலில் முகம் கறுத்துப்போய் மூச்சுக்குத் திணறி அழுதுகொண்டிருந்தது. பெரியநாயகி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து குழந்தைத் துணிகளை நாலாக மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

“அழுவுது,” என்றாள்.

தாரணி கிட்டே வருவதற்குள், பெரியநாயகி மோதிரக் கையை நீட்டிக் கல்லைக் குழந்தையின் நெற்றியில் வைத்து அழுத்தினாள். அழுகை பாதியில் அறுந்தது. விம்மல்கூட இல்லை. கூரைமேல் மழை மட்டும் கேட்டது. குழந்தை கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தபடி கிடந்தது. இமைக்கவில்லை என்றுதான் தாரணிக்குத் தோன்றியது. நெற்றியில் கல் பட்ட இடம் வெள்ளையாகக் குழிந்து, தொட்டால் சில்லென்றிருந்தது.

தாரணி குழந்தையை வாரி எடுத்து மார்பில் வைத்தாள். அது வாயைத் திறக்கவில்லை. இரண்டு மணிக்குக் குடிக்க வேண்டிய பிள்ளை, நாலு மணி ஆகியும் பாலுக்கு அழவில்லை. தூங்கவும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தது. மழையால் தாமதமாகி, வேலையிலிருந்து நனைந்து வந்த தனபாலன் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினார். அது அவரை, முன்பின் தெரியாத பெரிய மனுசி மாதிரித் திரும்பிப் பார்த்தது. அவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

“அதைக் கழட்டும்மா. இப்பவே கழட்டு,” என்றாள் தாரணி.

அம்மா சண்டை போடுவாள், மாட்டேன் என்பாள் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள்.

“கழட்டணுமா? சரி,” என்று பெரியநாயகி மோதிரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, மடிக்காமல் கிடந்த கடைசித் துணியை எடுத்து மடித்தாள்.

ஆறு மணி வாக்கில் குழந்தை சிணுங்கியது. அப்புறம் அழுதது, குடித்தது, கக்கியது. தாரணி அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மோதிரத்தை அந்த வீட்டில் இனி வைக்கக்கூடாது என்று அப்பாவிடம் சொன்னாள். மறுநாள் காலையிலேயே குழந்தையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விட்டுவிட்டு, மூன்று பேரும் பழைய கஞ்சில் காரில் பாயா ரும்புட்டுக்குப் போனார்கள். பெரியநாயகி முன் சீட்டில் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். மோதிரம் கழற்றியும் அவளிடம் ஒரு மாற்றமும் இல்லை.

டீச்சர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. கதவு பூட்டியிருக்கவில்லை. மூன்று வாரப் பத்திரிகைகள் பிரிக்காமல் நாற்காலியில் கிடந்தன. மனோரஞ்சிதம் டீச்சர் தலை வாராமல் சமையலறைத் தரையில், அடுப்புக்குக் கீழே, சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணும் முகமும் வீங்கி, ஆளே வேறு மாதிரி இருந்தார். வருகிறவர்களைப் பார்த்தும் அவரால் அழுகையை நிறுத்த முடியவில்லை. வெட்கப்பட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

தாரணி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். “டீச்சர் இப்படி இருக்காங்கன்னு உனக்குத் தெரியுமாம்மா?”

“தெரியும். ஜூன் மாசத்துல இருந்தே அழுதுகிட்டுத்தான் இருக்காங்க.”

“ஏன் எங்கக்கிட்டச் சொல்லல?”

“நீங்க கேக்கலையே.”

தனபாலன் தண்ணீர் மொண்டு கொடுத்தார். டீச்சர் குடித்து, கொஞ்சம் மூச்சு வாங்கிய பிறகு, தனபாலன் மோதிரத்தை எடுத்து நீட்டினார். டீச்சர் சுவரோடு ஒதுங்கினார். அதை வாங்க மாட்டேன் என்றார். பிறகு விட்டு விட்டு, நடுவில் அழுது, அந்தக் கல்லின் கதையைச் சொன்னார். மே மாதத்தில் சொல்லாமல் விட்ட கதை அது.

அவருடைய அம்மம்மா மானிப்பாயிலிருந்து கலியாணம் முடித்து, தம்பின் ஊர் ரயில்வே குவார்ட்டர்சுக்கு வந்தவர். மூன்று பிள்ளைகள் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சலில் போனார்கள். இந்த மோதிரம் அவர் கையில் இருந்தது. மூன்றாவது பிள்ளையையும் அடக்கம் செய்துவிட்டு வந்து அன்று சாயங்காலமே ஊறுகாய் போட்டாராம். கல்லு மனிசி என்று ஊரில் பெயர். அடுத்து அம்மா. சப்பான்காரன் காலத்தில் டீச்சரின் அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனபோது அம்மம்மா இதை மகள் விரலில் மாட்டினார். இரண்டு வருசம் கழித்து, செத்தார் என்று நினைத்தவர் எலும்பும் தோலுமாக வாசலில் வந்து நின்றார்.

“அம்மா என்ன சொன்னவ தெரியுமோ? வந்திட்டீங்களோ, கையைக் கழுவுங்கோ எண்டு சொன்னவ. கடைக்குப் போட்டு வந்த ஆளிட்டச் சொல்லுற மாதிரி. அப்பா சாகும்வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிக் கவலைப்பட்டவர். சயாமில பட்ட பாட்டை விட அதுதான் அவருக்குப் பெரிசு.”

அந்த அம்மாவும் போன பிறகு மோதிரம் பெட்டியில் கிடந்தது. தொண்ணூற்றொன்றில் டீச்சரின் கணவர் விஜயரட்ணம் காலையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே சரிந்து போனார். ஜனகாவுக்கு அப்போது ஏழு வயது. செத்த வீட்டுக்கு ஆட்கள் வருவதற்கு முன்பே டீச்சர் பெட்டியைத் திறந்து மோதிரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பள்ளிக்கூடம் போனார், மகளைப் படிக்க வைத்தார். அந்தப் பிள்ளை அப்பாவைக் கேட்டு அழுத இரவுகளில் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்தினார்.

அதைக் கேட்டுத் தாரணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நாயகிக்கு உதவியெண்டுதான் கழட்டிக் குடுத்தனான். எனக்கு இனி என்ன, வயசு போச்சு, எல்லாம் ஆறிப்போயிருக்கும் எண்டு நினைச்சன். ஒண்டும் ஆறேல்லை. அவர் நேற்றுத்தான் செத்த மாதிரிக் கிடக்குது. அந்தத் தேத்தண்ணிக் கோப்பை விழுந்த சத்தம் இப்பதான் கேக்குது.”

திருப்பிக் கேட்டிருக்கலாமே என்று தனபாலன் மெதுவாகச் சொன்னார். கேட்க நினைத்துப் பல தடவை போனைக் கையில் எடுத்ததாகவும், ஒவ்வொரு தடவையும் வைத்துவிட்டதாகவும் டீச்சர் சொன்னார். “அவருக்கு நான் அழவேணும். பிள்ளையைத் தவிர ஒருத்தரும் அழேல்லை அவருக்கு.”

இத்தனை நேரமும் பெரியநாயகி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது வந்து டீச்சருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். மருந்து எத்தனை வேளை என்று விசாரிக்கிற குரலில் கேட்டாள்.

“எனக்கும் வருமா டீச்சர்?”

“வரும், பிள்ளை.”

“எப்ப?”

“எனக்கு மூண்டு நாள் எடுத்தது. எனக்கு முப்பத்திரண்டு வருசமும் சேர்ந்து வருது. உமக்கு அஞ்சு மாசம்தானே. தாங்குவீர்.”

பெரியநாயகி கொஞ்சம் யோசித்தாள். பிறகு புருசனைப் பார்த்து, அது வரும்போது குழந்தை பக்கத்தில் இருக்க வேண்டாம், நான் இங்கேயே இருந்துக்கிறேன் என்றாள். மகளுக்குக் காலையில் கொடுக்க வேண்டிய பூண்டுக் குழம்பு ஐஸ்பெட்டியில் இருக்கிறது என்றும் சொன்னாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அது வந்தது. தனபாலன் சோறும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துப் போனபோது எதிர்வீட்டுக்காரர்கள் தெருவில் நின்றிருந்தார்கள். உள்ளே பெரியநாயகி டீச்சரின் மடியில் முகம் புதைத்து மகன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். எண்ணெய் பட்ட கையை மார்போடு அணைத்திருந்தாள். ஜூலையில் பட்ட காயம் அன்றுதான் எரிந்ததாம். டீச்சர் அவள் தலையைத் தடவியபடி, தன் புருசனுக்காக அழுதுகொண்டிருந்தார். ஒருத்தி ஓயும்போது மற்றவள் எழுந்து அரிசி களைவாள். ஒருத்தி சாப்பிடமாட்டேன் என்றால் மற்றவள் ஊட்டிவிடுவாள். பதினோரு நாள் அப்படிப் போனது. நடுவில் கோலாலம்பூரிலிருந்து ஜனகா வந்தாள். அம்மா அழுவதை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் வாசலிலேயே வெகு நேரம் நின்றாள்.

பன்னிரண்டாம் நாள் பெரியநாயகி வீட்டுக்கு வந்தாள். கண்கள் குழி விழுந்திருந்தன. குழந்தையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்து, அதன் மூக்கு திலீபன் மூக்கு மாதிரி இருக்கிறது என்று சொல்லி அழுதாள். தாரணி அவளை அழவிட்டாள்.

மோதிரத்தை என்ன செய்வது என்பதில் டீச்சர் உறுதியாக இருந்தார். ஜனகா கைக்குப் போகக்கூடாது. கோயில் உண்டியலில் போட்டால் ஏலத்தில் வேறொரு பெண்ணின் விரலுக்குப் போகும். கடலில்தான் போட வேண்டும். அதைத் தனபாலன் ஏற்றுக்கொண்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவர் கிளேபாங் கடற்கரைக்குப் போனார். சாலையோரத் தேங்காய்க் கடைகளில் இன்னும் கூட்டமில்லை. காரை நிறுத்திவிட்டு, மணல்மேட்டைத் தாண்டி நடந்து, கடல் ஓரமாகக் கிடந்த பாறைகளில் ஒன்றின்மேல் ஏறி நின்றார். சட்டைப்பையிலிருந்து மோதிரத்தை எடுத்தார். மனைவி விரலில் மாட்டிவிட்ட அந்த ஒரு கணம் தவிர, அதுவரை அவர் அதைத் துணியோடுதான் பிடித்திருந்தார். இப்போது துணியைப் பிரித்து, உள்ளங்கையில் வைத்து மூடினார்.

முதலில் முள் குத்தின விரல்களின் வலி போனது. அப்புறம் அலையின் சத்தம் போனது. அலை வந்து பாறையில் உடைவது தெரிந்தது, சத்தம் இல்லை. பிப்ரவரியில் சவக்கிடங்கில் துணியை விலக்கிக் காட்டினார்களே, அந்த முகம் நினைவுக்கு வந்தது. யாரோ வீட்டுப் பிள்ளை மாதிரித் தூரத்தில் இருந்தது. எட்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போய்விட்டிருந்தது. இப்படியொரு நிம்மதியை அவர் பிறந்ததிலிருந்து அறிந்ததில்லை. எவ்வளவு நேரம் நின்றார் என்று பிறகு அவரால் சொல்ல முடியவில்லை. தண்ணீர் ஏறிச் செருப்பு நனைந்திருந்தது.

பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். தாரணி என்று எழுத்து வந்தது. படித்தார். எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. எதற்கு எடுக்க வேண்டும் என்றும் தெரியவில்லை. போன் அதிர்ந்து அதிர்ந்து நின்றது. அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். அது தன் மகளின் பெயர் என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் ஒன்றுமே ஆகவில்லை. அப்போதுதான் முதுகுத்தண்டில் குளிர் ஏறியது.

குலையை அறுத்துத் தள்ளுகிற வேகத்தோடு கையை வீசினார். கல் எங்கே விழுந்ததென்று தெரியவில்லை. கடல் அதே பழுப்பு நிறத்தில் கிடந்தது. காதுக்குள் மெல்ல மெல்ல அலை இரைய ஆரம்பித்தது.

போன் மறுபடி அதிர்ந்தது. எடுத்தார்.

“அப்பா, எங்கப்பா இருக்கீங்க? எத்தனை தடவ அடிக்கிறேன். அம்மா கேட்டுச்சு, வர்றப்ப பாசார்ல மீன் வாங்கிட்டு வரச் சொல்லி.”

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வந்தது பேச்சு இல்லை. அந்தப் பாறைமேல் குந்தி உட்கார்ந்து, போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி, டே திலீபா என்று ஒரு தடவை சொன்னார். பிறகு அதற்கு மேல் சொல் எதுவும் வரவில்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பிய சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மணல்மேட்டில் நடந்து போன இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டு நகர்ந்தார்கள்.

தாரணி போனை வைக்கவில்லை. அவள் மூச்சு விடுவது அவருக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, “அழுங்கப்பா, நான் இங்கதான் இருக்கேன்” என்றாள்.